சங்கிலி ரம்பத்தில் சங்கிலி மாற்றும் முறை

தனி ஒருவருக்கு உரிய கருவியை அவர் ஒருவரே கையாளுகிறார். அதன் குணமும் குற்றமும் அவருக்குத் தெரியும். சங்கத்துக்கு உரிய கருவியோ பல கைகள் மாறிச் செல்வது. இன்று ஓர் அங்கத்தினர் அதனைச் சவுக்குத் தோப்புக்கு எடுத்துச் செல்வார். நாளை மற்றொருவர் சாய்ந்த தென்னையைத் துண்டாக்கக் கொண்டு போவார். ஆதலின், பொதுக் கருவியைப் பற்றிய அறிவும் அங்கத்தினர் அனைவருக்கும் பொதுவானதாக இருத்தல் வேண்டும். ஒருவர் அறியாமல் செய்த பிழையின் பலனை அவருக்குப் பின் வரும் மற்றொருவர் தம் உடம்பில் அனுபவிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணிறந்த தென்னைகளைச் சாய்த்தது. விழுந்த மரங்களைக் கோடரியும் கைரம்பமும் மட்டும் கொண்டு அகற்றுவது எத்துணை கடினம் என்பதைத் தோப்புடையோர் அப்பொழுது கண்டனர். பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் இன்று சிற்றூர்களிலும் பழகிவிட்டது. அதனை ஓட்டக் கற்றவர் பலர். ஆனால் தேய்ந்த சங்கிலியைக் கழற்றிவிட்டுப் புதியதை முறைப்படி பூட்டக் கற்றவர் சிலரே. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சங்கிலியின் அமைப்பு

ரம்பத்தின் உடலிலிருந்து நீண்டிருக்கும் தட்டையான எஃகுப் பலகையைக் கடைக்காரர் 'பார்' என்பர். அதன் விளிம்பைச் சுற்றிலும் ஒரு காடி ஓடுகிறது. அக்காடியில் சங்கிலி ஓடுகிறது. எஞ்சினை ஒட்டி, மூடிக்குள் இருக்கும் பல்சக்கரம் சங்கிலியை இழுக்கிறது.

சங்கிலியில் மூவகைக் கண்ணிகள் உண்டு. மரத்தைச் சீவுவது வெட்டுப் பல். கண்ணிகளை ஒன்றோடொன்று பிணைப்பது இணைப்புத் தகடு. கீழ்நோக்கிக் கூராக நீண்டு, பாரின் காடியில் நுழைந்து, பல்சக்கரத்தில் சிக்கி இழுபடுவது ஓட்டுக் கண்ணி. இதனையே கடைகளில் 'டிரைவ் லிங்க்' என்பர்.

வெட்டுப் பற்கள் ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாக மாறி மாறி அமைந்திருக்கும். இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்னும் மரம் அறுக்கும் தொழிலாளி, 1946-ஆம் ஆண்டில் மரக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டின் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அது தன் இரு தாடைகளையும் கொண்டு இடமும் வலமுமாக மரத்தைச் சீவி முன்னேறுவதைக் கண்டார். அதே முறையில் எஃகுப் பற்களை அமைத்து, 1947-இல் தம் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் வாங்கும் சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவையே.

மூன்று எண்கள்

நெசவாளர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. பாவு நூலின் நம்பருக்கும் இழைகளின் நெருக்கத்துக்கும் ஏற்ற அச்சு அமையாவிட்டால் தறி எவ்வளவு நல்லதாயினும் துணி நன்றாக வராது. அச்சின் அகலம் சரியாக இருப்பது மட்டும் போதாது. அதுபோலவே, சங்கிலியின் நீளம் சரியாக இருப்பது மட்டும் போதாது. மூன்று எண்கள் ஒத்திருத்தல் வேண்டும்.

முதலாவது, கண்ணிகளின் இடைவெளி. இதனைப் 'பிட்ச்' என்பர். அடுத்தடுத்துள்ள மூன்று ரிவெட்டுகளில் முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாம் ரிவெட்டின் நடு வரையுள்ள தூரத்தை அளந்து, அதில் பாதியைக் கொள்ளுதல் வேண்டும். அத்தூரம் 19 மில்லிமீட்டரை ஒட்டியிருப்பின் அது 3/8 அங்குலப் பிட்ச்; 16.5 மில்லிமீட்டராயின் 0.325 அங்குலப் பிட்ச். நம் தோப்புகளில் வழங்கும் நடுத்தர ரம்பங்களுக்குப் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றே வரும். 3/8 என்னும் ஒரே எண்ணில் உயரம் குறைந்த வகையும் முழு உயர வகையும் உள. இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டத்தக்கன அல்ல.

இரண்டாவது, ஓட்டுக் கண்ணியின் கனம். இதனைக் 'கேஜ்' என்பர். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்னும் கனங்கள் வழக்கில் உள்ளன. கனம் மிகுந்த கண்ணி காடிக்குள் நுழையாது. ஆகவே அப்பிழை உடனே தெரிந்துவிடும். கனம் குறைந்த கண்ணியோ எளிதாக நுழைந்துவிடும். ஆனால் ஓடும்போது பக்கவாட்டில் ஆடும், வெட்டுக் கோணலாகும், பாரின் விளிம்பும் தேயும். எளிதாக நுழைவது பொருத்தத்துக்கு அடையாளம் அன்று என்பதை மனத்தில் கொள்க.

மூன்றாவது, ஓட்டுக் கண்ணிகளின் எண்ணிக்கை. ஒரு கண்ணியில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, அதிலிருந்து தொடங்கி ஒரு சுற்று எண்ணி அறியலாம். 16 அங்குலப் பார் என்று சொல்லப்படுவனவற்றுள் 3/8 குறை உயரச் சங்கிலிக்கு 55 கண்ணிகள் கொண்டதும் உண்டு, 56 கொண்டதும் உண்டு. 0.325 பிட்ச் ஆயின் 66 அல்லது 67 கண்ணிகள் வரும். ஆகவே, "16 அங்குலச் சங்கிலி கொடுங்கள்" என்று கேட்பது, "என் காலுக்குச் செருப்புக் கொடுங்கள்" என்று அளவு சொல்லாமல் கேட்பதற்கு ஒப்பாகும்.

இம்மூன்று எண்களும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில், எஞ்சினை ஒட்டிய இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெயும் தூளும் படிந்து மறைந்திருப்பின் துடைத்துப் பார்க்க வேண்டும்.

யான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில், "16 அங்குலச் சங்கிலி - 3" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. மூன்றுள் ஒன்றே அங்கிருந்த ரம்பத்துக்குப் பொருந்திற்று. ரசீது இருந்தது, தீர்மானம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கணக்கில் ஒரு பைசா குறைவில்லை. ஆயினும், இரண்டு சங்கிலிகளின் விலை பயனின்றிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கத்தினரின் பணம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அன்று, பொருளின் தன்மை அறியாத கொள்முதலிலும் கரைகிறது என்பதற்கு இது சான்று.

கழற்றுதல்

எஞ்சினை நிறுத்தி ஆறவிடுக. பிளக்கின் மேலுள்ள தொப்பியைக் கழற்றிவிடுக. இதனைச் செய்யாமல் சங்கிலியில் கை வைக்கலாகாது. கனத்த கையுறை அணிக. நின்றுபோன சங்கிலியும் கையைக் கிழிக்கும்.

அடுத்து, முன் கைப்பிடிக்கு மேலுள்ள பிரேக் தடுப்பைத் தம் பக்கமாக இழுத்துப் பிரேக்கை விடுவிக்க வேண்டும். சில ரம்பங்களில் பிரேக் பட்டை மூடிக்குள்ளேயே அமைந்திருக்கும். பிரேக் பிடித்த நிலையில் மூடியைப் பிடுங்க முயன்றால் அது வராது. வந்துவிட்டாலும் திரும்பப் பொருந்தாது. மூடியைச் சுத்தியால் தட்டுவோர் பலரும் செய்யும் பிழை இதுவே.

பின்னர் மூடியின் இரு நட்டுகளையும் ஸ்பானரால் கழற்றி, ஒரு கிண்ணத்தில் இடுக. மரத்தூளில் விழுந்த நட்டைத் தேடுவது வீண் வேலை. மூடியை எடுத்தபின், இறுக்கத் திருகாணியை இடப்புறமாகச் சுற்றித் தளர்த்தி, பாரைப் பல்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் சங்கிலி தளரும். அதனைப் பல்சக்கரத்திலிருந்து எடுத்து, பாரையும் வெளியே எடுத்துவிடலாம்.

பூட்டுமுன் நோக்க வேண்டியவை

பழைய சங்கிலி கழன்றவுடன் புதியதை மாட்டிவிட ஆவல் எழுவது இயல்பு. அந்த இடைவேளையே ரம்பத்தைச் சோதிப்பதற்குரிய காலம்.

பாரின் காடியில் எண்ணெயோடு கலந்த தூள் இறுகியிருக்கும். அதனை மெல்லிய தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். பாரின் அடிப்பகுதியில் உள்ள சிறு எண்ணெய்த் துளையையும் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். அத்துளை அடைபட்டால் சங்கிலிக்கு எண்ணெய் செல்லாது. எண்ணெய் செல்லாத சங்கிலி புகையும், நீளும், அறும்.

பாரின் விளிம்பில் பிசிறு எழுந்திருப்பின் தட்டை அரத்தால் ராவி விடுக. பின்னர், சங்கிலி மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுக. பாரின் கீழ்விளிம்பே மிகுதியாகத் தேய்வதால், இவ்வாறு திருப்பினால் இரு விளிம்புகளும் ஒப்பத் தேயும். அப்பொழுது பாரில் எழுதியுள்ள எழுத்துகள் தலைகீழாகத் தோன்றும். அதனைப் பிழை என்று கருதித் திரும்பவும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து, பல்சக்கரம். சங்கிலி உராய்ந்த தழும்பின் ஆழம் அரை மில்லிமீட்டரை எட்டிவிட்டால் சக்கரத்தை மாற்றிவிட வேண்டும். பழைய சங்கிலியோடு சேர்ந்து தேய்ந்த சக்கரம் புதிய சங்கிலிக்குப் பொருந்தாது. அதன் ஓட்டுக் கண்ணிகளைச் சிதைத்துவிடும். விலை குறைந்த சக்கரத்தைக் காப்பாற்ற எண்ணி விலை மிகுந்த சங்கிலியை இழப்பது சிக்கனம் ஆகாது. இரண்டு சங்கிலிகளுக்கு ஒரு சக்கரம் என்பது தொழில் அறிந்தோர் கைக்கொள்ளும் கணக்கு. இரு சங்கிலிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் மூன்றும் ஒருசேரத் தேயும்.

பூட்டுதல்

புதிய சங்கிலியை முதல்நாள் இரவே சங்கிலி எண்ணெயில் ஊற வைத்திருப்பின் நன்று. ரிவெட்டுகளுக்குள் எண்ணெய் இறங்கும்.

பாரை அதற்குரிய இரு ஆணிகளில் நிறுத்துக. சங்கிலியைப் பல்சக்கரத்தின்மேல் இட்டு, பாரின் மேல்விளிம்பு வழியாக நுனி வரை காடியில் அமர்த்திக் கீழ்ப்புறம் கொண்டு வருக. இங்கே திசையை நன்கு நோக்க வேண்டும். பாரின் மேல்விளிம்பில் இருக்கும் பற்களின் வெட்டும் முனை, பாரின் நுனியைப் பார்த்திருத்தல் வேண்டும். திசை மாறிப் பூட்டிய சங்கிலி அறுக்காது. மரத்தைத் தேய்த்துப் புகையைக் கிளப்பும். 'புதுச் சங்கிலி மழுங்கல்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குச் செல்லுமுன் திசையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

இறுக்கத் திருகாணியோடு சேர்ந்த சிறு முளை, பாரில் உள்ள துளைக்குள் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மூடியை வைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகுக. முளை துளையில் அமராமல் நட்டை இறுக்கினால் முளை வளையும். பின்னர் இறுக்கம் வைக்கவே இயலாது.

இறுக்கம்

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவாகும். பாரின் நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தவாறே, திருகாணியை வலப்புறமாகச் சுற்றுக. பாரின் அடியில் தொங்கிய சங்கிலி மெல்ல மேலெழுந்து கீழ்விளிம்பைத் தொடும். தொட்டதும் நிறுத்தி, நுனியைத் தூக்கியபடியே இரு நட்டுகளையும் மாறி மாறி ஸ்பானரால் இறுக்குக. நுனியைத் தூக்காமல் இறுக்கினால், மரத்தில் வைத்து அழுத்தும்போது பார் மேலேறிச் சங்கிலி தளர்ந்துவிடும்.

பின்னர் சோதனை. கையுறை அணிந்த கையால் சங்கிலியைப் பாரின்மேல் நுனியை நோக்கி இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். நடுப்பகுதியில் மேலே தூக்கினால், ஓட்டுக் கண்ணி காடியை விட்டு முழுதும் வெளிவரலாகாது. ஓடாவிடில் இறுக்கம் அதிகம், வெளிவந்தால் குறைவு.

புதிய சங்கிலி முதல் ஓட்டத்தில் சிறிது நீளும். ஆதலின், எஞ்சினை ஓட்டி, எண்ணெய் வருகிறதா என்று பாரின் நுனியை ஒரு வெளுத்த பலகைக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பலகையில் எண்ணெய்க் கோடு தெறித்தால் ஓட்டம் சரி. சில நிமிடங்கள் இலேசான வெட்டு வேலை செய்து, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடியும் இறுக்கம் பார்க்க வேண்டும். வேலையின் நடுவில் சூடேறி நீண்ட சங்கிலியை இறுக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். சூட்டில் இறுக்கிய சங்கிலி ஆறும்போது சுருங்கும். அவ்விழுவிசை எஞ்சினின் தண்டையும் பேரிங்கையும் தாக்கும்.

தளர்ந்த சங்கிலி இதனினும் கொடியது. முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. அவ்வேகத்தில் காடியை விட்டுக் கழன்றால் அது ஓட்டுபவரின் கையையும் காலையும் நோக்கியே வரும். எஞ்சினின் அடியில் உள்ள சிறு கொக்கி அதனைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. அக்கொக்கி உடைந்த ரம்பத்தை ஓட்டலாகாது. வேட்டியும் தோளில் துண்டும் அணிந்து இவ்வேலையில் இறங்குவதும் கூடாது. இத்தொழிலுக்கென்று விற்கப்படும் கால் காப்புக்குள் நீண்ட செயற்கை இழைகள் பல அடுக்குகளாக வைக்கப்பட்டுள்ளன. சங்கிலி காப்பைத் தொட்டவுடன் அவ்விழைகள் உருவப்பட்டுப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதனை நிறுத்திவிடும். ஒரு கற்றை நூல் ஒரு மனிதனின் காலைக் காக்கிறது என்பது நெசவுத் தோழர்கள் பெருமையுடன் அறியத்தக்க செய்தி அன்றோ?

எப்பொழுது மாற்றுவது?

மழுங்கிய சங்கிலியை எல்லாம் மாற்றிவிட வேண்டுவதில்லை. நல்ல சங்கிலி மரத்தைச் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். மாவு கண்டால் உருண்டை அரத்தால் தீட்டுக. 3/8 குறை உயரச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரமும், 0.325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் ஏற்றன. இடப்பற்களையும் வலப்பற்களையும் ஒரே நீளமாகத் தீட்டாவிடில் வெட்டு ஒரு பக்கமாக வளையும்.

தென்னையின் வெளிச்சுற்று கடினமானது. விழுந்த மரத்தில் மணலும் ஒட்டியிருக்கும். ஆகவே அவ்வேலையில் அடிக்கடி தீட்ட நேரும். தீட்டித் தீட்டிப் பல், உற்பத்தியாளர் இட்ட தேய்மானக் குறியை எட்டிய பின்னரும், கண்ணியில் வெடிப்புக் கண்டாலும், ரிவெட்டு ஆடினாலும், அச்சங்கிலியை நீக்கிவிட வேண்டும்.

சங்கத்தின் கடமை

மேற்கூறிய யாவும் ஓட்டுபவர் செய்ய வேண்டியவை. சங்கம் செய்ய வேண்டியவையும் சில உண்டு. பிட்ச், கனம், கண்ணி எண்ணிக்கை என்னும் மூன்றையும் ஒரு தகட்டில் பொறித்து ரம்பத்தின் பெட்டி மூடியில் ஆணியடித்து வைக்க வேண்டும். கொள்முதல் தீர்மானத்திலும் இருப்புப் பதிவேட்டிலும் அவ்வெண்களையே எழுத வேண்டும். ரம்பம் வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும், கொடுப்பவரும் பெறுபவரும் கூட நின்று இறுக்கத்தைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. வேலையின்போது சங்கிலி ஒருமுறை கழன்றால், ஓட்டுக் கண்ணிகளின் முனையில் பிசிறு எழும். அதனை ராவிச் செப்பனிடாமல் திரும்பப் பூட்டினால் மறுபடியும் கழலும். ஆகவே, 'கழன்றது' என்பதைச் சொல்லியாக வேண்டும். கழன்றதற்கெல்லாம் அபராதம் விதிக்கும் சங்கத்தில் எவரும் சொல்லமாட்டார். சங்கிலியை எவ்வாறோ மாட்டி, துடைத்து, வாய் திறவாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுநாள் அதனை எடுத்துச் செல்பவர் ஒன்றும் அறியார். இரண்டு நாள் கூலிக்கும் குறைந்த அபராதத் தொகை ஒரு குடும்பத் தலைவரின் காலுக்கு ஈடாகுமோ? குறையைச் சொன்னவருக்கு அபராதம் இல்லை, மறைத்தவருக்கே உண்டு என்று நிர்வாகக் குழு தீர்மானித்துப் பொதுப் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும். பொதுக் கருவியைக் காப்பது பூட்டும் சாவியும் அல்ல. ஒருவர் மற்றொருவருக்கு உண்மை சொல்லும் பழக்கமே ஆகும்.

ஆய்வு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்க ரம்பத்தின் மூன்று எண்கள் யாவை? அவை எங்கு எழுதப்பட்டுள்ளன?

2. கனம் குறைந்த சங்கிலி எளிதாகப் பொருந்துவது போலத் தோன்றினும் தீங்கு செய்வது எவ்வாறு?

3. நட்டை இறுக்கும்போது பாரின் நுனியைத் தூக்கிப் பிடிப்பது ஏன்?

4. சூட்டில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்த வேண்டுவது ஏன்?

5. சங்கிலி கழன்றதை அங்கத்தினர் அஞ்சாமல் தெரிவிக்க நம் துணைவிதிகளிலோ நடைமுறையிலோ செய்யத்தக்க மாற்றம் யாது?